மாப்பிள்ளை பூட்டிய தூண்

மலேசியாவில் ஜொகூர் ஆற்றில் சொந்தப் படகு வைத்திருக்கிற தமிழன் என்றால் தங்கராஜுதான். வேறு யாரும் இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் அவர் நம்பமாட்டார். "எங்க, காட்டு பாப்போம்" என்பார். லாபிஸ் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரருக்குப் பிறந்தவர். பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில் இரும்பை வெல்டிங் வைத்து ஒட்டி ஒட்டியே கண்ணைப் புண்ணாக்கிக்கொண்டவர். ஓய்வு பெற்ற கையோடு, ஆற்றங்கரையில் கம்பம் என்கிற மலாய்க் கிராமத்து பாக் ஹசானிடம் ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கினார். பதினேழு அடி நீளம், பின்னால் ஒரு யமாஹா எஞ்சின். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். வீடு வாங்கலாம், நிலம் வாங்கலாம், எவனாவது தண்ணியில மிதக்கிறதை வாங்குவானா என்றார்கள். ஊரான் கப்பலுக்கெல்லாம் உயிர் கொடுத்தவனுக்குத் தனக்கென்று மிதக்கிற பொருள் ஒன்று இருந்தால் என்ன குறைந்துபோகும் என்பது அவருடைய கட்சி.

தூண்டில்காரர்களை ஏற்றிக்கொண்டு கெலோங் என்கிற மீன்பிடி மேடைகள் பக்கம் போய்வருவதுதான் அந்தப் படகுக்கு வேலை. அதற்கு இழுவைத் தூண் பூட்ட வேண்டும் என்ற பேச்சு குணாளனால் வந்தது.

குணாளன் அவருடைய ஒரே மகள் தேன்மொழியின் புருஷன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். தீபாவளிக்கு முன்னால் அந்தக் கிடங்கை மூடிவிட்டார்கள். வாடகை வீட்டைக் காலி செய்து இருவரும் மாசாயில் தங்கராஜு வீட்டுக்கே வந்தார்கள். மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற சோறு எப்படிப்பட்டது என்று சாப்பிட்டவனுக்குத்தான் தெரியும். குணாளன் தட்டைத் தானே கழுவிவைப்பான். மாமியார் வெள்ளையம்மா இரண்டாவது மீன் துண்டை எடுத்தால் தட்டைக் கையால் மறைத்துக்கொள்வான். விஜயன் என்ற கூட்டாளி ஆஸ்திரேலியாவிலிருந்து அடிக்கடி கூப்பிட்டான். சுற்றுலா விசாவில் வந்துவிடு, பழத்தோட்டத்தில் வேலை இருக்கிறது என்றான். அப்படிப் போனவர்கள் அந்த வட்டாரத்தில் பலர். திரும்பிவருகிற நாளைச் சொல்லிவிட்டுப் போனவன் எவனும் இல்லை. தேன்மொழி அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

அந்த நேரத்தில்தான் ஆற்றின் மேல்பக்கம் புதிதாக ஒரு தங்கும் விடுதி திறந்தார்கள். அதன் மேனேஜர் ஜெயபாலன். வருகிறவர்களைக் காலில் பலகை கட்டி, படகால் இழுத்து, தண்ணீர் மேல் ஓடவைக்க ஓர் ஆளும் படகும் அவருக்கு வேண்டும். குணாளனுக்கு அந்த விளையாட்டு தெரியும். சிங்கப்பூரில் ஓய்வு நாளெல்லாம் கம்பியில் இழுக்கிற ஒரு குளத்தில் விழுந்து எழுந்து கற்றவன். "படகுல டோ போல், அதான் இழுவைத் தூண், இருக்கணும். சனிக்கிழமை கொண்டாங்க, பாக்கறேன்" என்றார் ஜெயபாலன். வேலை கிடைத்தால் மாப்பிள்ளை இங்கே இருப்பான். கிடைக்காவிட்டால் ஆஸ்திரேலியா. வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே நால்வருக்கும் தெரிந்திருந்தது.

பாக் ஹசானின் படகுத்துறை ஜெட்டிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் படகு டிரெய்லர்மேல் ஏறி நின்றது. எப்படிப்பட்ட தூண் வாங்குவது என்ற பேச்சு அங்கேதான் நடந்தது. தங்கராஜு ஒரு பக்கம், ஆறடி தள்ளி மாப்பிள்ளை, நடுவில் சாப்பாட்டுத் தூக்கோடு வெள்ளையம்மா.

"வெள்ளையம்மா, மாப்பிள்ளைகிட்ட கேளு. போன்ல காட்டுறாரே அந்த ஒசரக் கம்பு, அது எதுக்கு?"

"அத்தை, மாமாகிட்ட சொல்லுங்க. மேலேருந்து இழுத்தா ஓடுறவனைத் தூக்கிக் குடுக்கும். குதிச்சு வெளையாடலாம்."

"குதிக்கட்டும். படகும் சேந்து குதிக்குமான்னு கேளு."

வெள்ளையம்மா தூக்கின் மூடியை டங்கென்று வைத்தாள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான இருக்கு? நான் என்னா இங்க போஸ்ட் ஆபீசா தொறந்து வெச்சிருக்கேன்?"

வலை தைத்துக்கொண்டிருந்த பாக் ஹசான் தலையைத் தூக்கி, உன் வீட்டில் சண்டையா ராஜு என்று கேட்டார். சண்டையில்லை, இது மரியாதை என்று தங்கராஜு மலாயில் விளக்கினார். பாக் ஹசானுக்கு வித்தியாசம் விளங்கின மாதிரி தெரியவில்லை.

வழக்கைத் தீர்த்தவள் தேன்மொழி. தொழிற்சாலையில் சாமான்களின் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. வேலை முடிந்து சீருடையோடு வந்தவள், படகுக்குள் ஏறி, தரையைக் குதிகாலால் தட்டினாள்.

"ஒசரக் கம்பு நடுவுல நிக்கணும். நடுவுல கீழ என்னா இருக்கு? பெட்ரோல் டேங்க். எதுல போல்ட்டு போடுவீங்க, டேங்குலயா? அதுவும் இது சின்னப் படகு. ஆளு ஒரு பக்கமா வெட்டி ஓடினா மேலேருந்து புடிச்சு சாய்ச்சிரும்."

"அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார் தங்கராஜு.

"நீங்க எங்க சொன்னீங்க? நீங்களே பைப்பு ஒட்டி செய்யறேன்னீங்க."

"நான் ஒட்டின கப்பலு இன்னும் கடல்ல ஓடுதும்மா."

"கப்பலு ஓடட்டும்ப்பா. நீங்க ஒட்டினதை ஜெயபாலன் எதைப் பாத்து நம்புவாரு? எவ்ளோ பாரம் தாங்கும்னு அதுல குத்தியிருக்கணும். பின்பலகைல கால் ஊனி, எஞ்சினுக்கு மேல வளைஞ்சு நிக்குமே, அது வாங்கலாம். இடுப்பு ஒசரம் போதும். பழகுறவங்களுக்கு அதான் சரி."

பின்பலகை என்றால் எஞ்சின் தொங்குகிற, படகின் பின்சுவர். அதில் இரண்டு கால், தரையோரம் முட்டுக்கு இரண்டு கால். குணாளன் யோசித்துவிட்டுச் சரி என்று தலையாட்டினான். தங்கராஜுவுக்கு உள்ளுக்குள் பெருமைதான். தன்னை எதிர்த்துப் பேசினாலும் மகள் சரியாகப் பேசினாள்.

ஜொகூர் பாருவில் ஒரு கடையில் வாங்கினார்கள். தங்கராஜு எந்தக் கடைக்குப் போனாலும் சட்டைப்பையில் ஒரு காந்தம் கொண்டுபோவார். ஸ்டேன்லஸ் என்று சொல்லி இரும்பைத் தலையில் கட்டிவிடுவான் என்ற பயம். தூணில் காந்தம் ஒட்டவில்லை. போல்ட்டில் லேசாக இழுத்தது. "பாத்தியா, கள்ளன்!" என்றார். சூடு பண்ணாம அடிச்சு முறுக்கினா நல்ல ஸ்டேன்லஸும் கொஞ்சம் இழுக்கும்ப்பா என்று தேன்மொழி சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. போல்ட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பட்டறைக் கூட்டாளியிடம் கப்பலுக்குப் போடுகிற போல்ட்டாகவே கேட்டு வாங்கிவந்தார். அதையும் காந்தம் லேசாக இழுத்தது. அதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பூட்டினார்கள். காலையில் சுமாத்ரா காற்று அடித்து மழை கொட்டி ஓய்ந்திருந்தது. ஆறு மைலோ பானம் மாதிரி பழுப்பாக இருந்தது. சேற்றுவாடை தூக்கலாக வந்தது. வெள்ளையம்மா படகுக்குப் பூ வைத்துச் சூடம் காட்டினாள். எலுமிச்சம்பழத்தை எந்தச் சக்கரத்தில் வைப்பது, படகுக்குத்தான் சக்கரமே இல்லையே என்று ஒரு குழப்பம் வந்தது. கடைசியில் டிரெய்லர் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்கள். டிரெய்லரை அரைச்சுற்று தள்ளி நசுக்கியானதும் அவள் உலை வைக்க வீட்டுக்குப் போய்விட்டாள்.

இடத்தைக் குறித்துக் கொடுத்தவர் தங்கராஜு. துளை போட்டவன் குணாளன். மேல்பூச்சு தெறிக்காமலிருக்க டேப் ஒட்டி, டிரில்லை முதலில் எதிர்ச்சுற்றாக விட்டு, பிறகு அழுத்தினான். வலது பக்கத்தில் தூள் வெளுப்பாக, வறுத்த ரவை மாதிரி உதிர்ந்தது. ஃபைபருக்குள் இருக்கிற பிளைவுட் காய்ந்து கெட்டியாக இருக்கிறது என்று அர்த்தம். மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தான். பல மாதமாகச் சுண்டிக்கிடந்த முகத்தில் வியர்வையும் ஒரு வெளிச்சமும் வந்திருந்தன. தங்கராஜு அதைப் பார்த்தார். பரவாயில்லை, கை ஆடவில்லை.

பிறகு இடது பக்கம். மூன்றாவது துளையில் தூள் கறுப்பாக வந்தது. ஈரமாக, வடிகட்டிய கோப்பித் தூள் மாதிரி டிரில் முனையில் ஒட்டிக்கொண்டது.

குணாளன் கை நின்றது. மாமாவைப் பார்த்தான். மாமா ஆற்றைப் பார்த்தார்.

உள்ளே மரம் அழுகியிருக்கிறது. தங்கராஜுவுக்குப் பார்த்தவுடனே தெரிந்துபோயிற்று. எப்போதோ யாரோ ஓர் ஆணி அடித்துக் கழற்றியிருக்கிறான். அந்த ஓட்டை வழியாக மரம் தண்ணீர் குடித்திருக்கிறது. நிறுத்து என்று சொல்ல வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது? கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையிடம் நேராக நாலு வார்த்தை பேசியதில்லை. முதன்முதலில் பேசுகிற வார்த்தை 'நிறுத்து' என்பதாகவா இருக்க வேண்டும்? அதுவும் இத்தனை மாதத்துக்குப் பிறகு அவன் கையில் ஒரு வேலை கிடைத்திருக்கிற இன்றைக்கா? வெள்ளையம்மா இருந்திருந்தால், 'மாப்பிள்ளைகிட்ட சொல்லு, கொஞ்சம் பாத்துக்கச் சொல்லு' என்று சொல்லியிருப்பார். வெள்ளையம்மா உலையடியில் இருந்தாள்.

குணாளன் துணியால் கறுப்புத் தூளைத் துடைத்தான். பசையை அப்பினான். போல்ட்டை நுழைத்தான். தங்கராஜு உள்பக்கம் கையை விட்டு, இருந்ததிலேயே பெரிய தகடாக வைத்து நட்டை முறுக்கினார். தகடு பெருசு, தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யாரையும் நம்பாத மனுஷன் அன்றைக்குத் தான் சொன்ன பொய்யைத் தானே நம்பினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தண்ணீரில் இறக்கினார்கள். தேன்மொழி ஓட்டினாள். அவளுக்குக் கடல்துறை லைசென்ஸ் இருக்கிறது. எடுக்கவைத்தவர் தங்கராஜுதான். ஓட்டுகிறவர் முன்னால் பார்க்க வேண்டும். அதனால் பின்னால் ஓடுகிறவனைப் பார்க்க இன்னோர் ஆள் வேண்டும். அந்த வேலை தங்கராஜுவுக்கு. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார். குணாளன் பலகையைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குந்தியிருந்தான்.

"போ!" என்று தங்கராஜு கத்தினார். எஞ்சின் உறுமியது. கயிறு விறைத்தது. மாப்பிள்ளை தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்து நின்றான். மாமனார் வீட்டில் ஒடுங்கி ஒடுங்கி நடக்கிற ஆளா இது? பாக் ஹசான் ஜெட்டியில் நின்று விசிலடித்தார். குணாளன் வலது பக்கம் சாய்ந்து வெட்டினான், திரும்பி இடது பக்கம் வெட்டினான்.

டிக் என்று ஒரு சத்தம். எஞ்சின் இரைச்சலில் அது வேறு யாருக்கும் கேட்டிருக்காது. தங்கராஜு குனிந்தார். தூணின் இடது காலடியிலிருந்து, கோழிமுட்டையில் விழுகிற கீறல் மாதிரி, வெள்ளையாக ஒரு மயிரிழை ஓடியிருந்தது.

"நிறுத்து! நிறுத்து!"

தேன்மொழி வேகத்தைக் குறைத்தாள். பின்னால் வந்து முழங்கால் போட்டுக் கீறலைத் தடவினாள். விளிம்பில் பழுப்புத் தண்ணீர் துளிர்த்திருந்தது. குணாளன் நீந்திவந்து படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"டிரில் போடுறப்ப தூள் எப்படி வந்துச்சு?"

தங்கராஜு கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

"அப்பா, உங்களத்தான்."

"கறுப்பா வந்துச்சு."

"நீங்க பாத்தீங்களா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"பாத்தேன். மாமாவும் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. கப்பல் பட்டறைல இருந்தவங்களாச்சே, தாங்கும்போல இருக்குன்னு நெனைச்சேன்."

"மாப்பிள்ளை நிறுத்துவாருன்னு நான் நெனைச்சேன்" என்றார் தங்கராஜு. "ஆசையா செஞ்சிகிட்டு இருந்தாரு. நான் எப்படிம்மா..."

"அம்மா பக்கத்துல இல்ல. அதான?" தேன்மொழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அலமாக்! ரெண்டு ஆம்பள, நாலு கண்ணு. அழுகலைப் பாத்துட்டு அதுமேல போல்ட்டு போட்டு முறுக்கியிருக்கீங்க. உங்க மரியாதையக் கொண்டுபோய் இந்த ஆத்துல போடுங்க, மீனாவது தின்னும்!"

ஜெட்டியில் கட்டிய பிறகும் தங்கராஜுவுக்கு மனசு அடங்கவில்லை. விடிந்தால் சனிக்கிழமை. "வெளிலேருந்து இன்னொரு தகடு வெச்சு இறுக்கிட்டா நாளைக்கு ஒரு நாள் ஓட்டிரலாம். மெதுவா இழுப்போம்" என்றார் மகளைப் பார்த்து.

"வேணாம் மாமா."

நேராக வந்தது அந்தக் குரல். தங்கராஜு திரும்பினார். குணாளன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான்.

"நான் ஓடினா பரவால்ல மாமா. நாளைக்கு ஓடப்போறது வேற வீட்டுப் புள்ள. தூண் பேத்துகிட்டு வந்துச்சுன்னா மண்டைலதான் அடிக்கும்."

அவனே ஜெயபாலனைக் கூப்பிட்டான். போனை மறைத்துப் பேசவில்லை. "சார், நாளைக்கு வர முடியாது. பின்பலகை அழுகியிருக்கு. நான்தான் டிரில் பண்ணேன், பாத்தும் விட்டுட்டேன். பிரிச்சு செய்யணும்."

"இன்னொரு படகுக்காரன் வர்றேங்கிறான்லா" என்றார் ஜெயபாலன். "அடுத்த சனிக்கிழமை வரைக்கும் நிறுத்தி வெக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

'நான்தான்' என்றான் பயல். 'மாமா குறிச்சுக் குடுத்த எடம்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தங்கராஜு தன் வாழ்நாளில் எத்தனையோ போர்மேன்களைப் பார்த்திருக்கிறார். பழியைக் கீழே தள்ளிவிடாதவன் ஒருத்தனையும் பார்த்ததில்லை.

அந்த வாரம் பாக் ஹசானின் கொட்டகையில் நடந்த சத்தத்தைக் கம்பமே கேட்டது. உள்பக்கமாக ஃபைபரை வெட்டி எடுத்தார்கள். அழுகல் ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை. எஞ்சின் தொங்குகிற நடுப்பகுதி கல் மாதிரி இருந்தது. அழுகினதைக் கரண்டியால் சுரண்டலாம், அவ்வளவு இற்றுப்போயிருந்தது. குணாளன் சுரண்டிக்கொண்டே போனான்.

"போதும் மாப்பிள்ள, போதும்!"

"இன்னும் ஈரம் இருக்கு மாமா."

"எங்க இருக்கு?"

"தொட்டுப் பாருங்க. கண்ணால பாத்தா?"

தொட்டுப் பார்த்தார். ஈரமாகத்தான் இருந்தது. "சரி, சொரண்டு" என்றார். தான் சொன்னது தவறு என்று ஒருத்தன் முகத்துக்கு நேரே காட்டி, அது அவருக்குக் கோபத்தைத் தராமல் போனது அதுவே முதல் தடவை.

இரவும் பகலும் விளக்குப் போட்டுக் காயவைத்தார்கள். விடியற்காலையில் மறுபடி காற்று அடித்தபோது இருவரும் படுதாவின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நனைந்தார்கள். "இழுத்துப் புடிடா மடையா!" என்று தங்கராஜு கத்திவிட்டார். பால் போடாத கோப்பி ஓ கொண்டுவந்த வெள்ளையம்மா குடையோடு அப்படியே நின்றுவிட்டாள். மாப்பிள்ளையை 'டா' போட்டு, மடையன் என்றும் சொல்லியாயிற்று! அவள் பிறந்த குடும்பத்தில் அதற்கு அடுத்தது பஞ்சாயத்துதான். குணாளனோ மழையில் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தான். அன்று மத்தியானம் சியாகாப் மீன் தலையை அவனே கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிடும்போது விஜயன் கூப்பிட்டான். "சனிக்கிழமை தாண்டிச் சொல்றேன்டா. எப்பாக்சிப் பசை காயணும்" என்று வைத்துவிட்டான்.

புது பிளைவுட்டை வெட்டிப் பொருத்தியதும் அவனேதான். ஓரத்தைச் சாய்வாகச் செதுக்கி, பசை குடிக்கவிட்டு, விரல்நகம் நுழையாத மாதிரி அடைத்தான். தங்கராஜு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், குறை தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. மறுபடி டிரில் போட்டபோது தூள் வெளுப்பாக உதிர்ந்தது. இருவரும் அதை உள்ளங்கையில் ஏந்தி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை விடுதி ஜெட்டியில் ஜெயபாலன் தூணைப் பிடித்து ஆட்டினார். காலால் உதைத்தார். குனிந்து தகட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "நானே ஓடிப் பாக்கறேன்" என்றார். ஜெயபாலன் நல்ல பருமன். மிதவைச் சட்டை போட்டதும் அண்டாவுக்குச் சிவப்புத் துணி சுற்றியது போல இருந்தார். ஐயோ, இந்தப் பாரத்தையா முதலில் இழுக்க வேண்டும் என்று தேன்மொழி அப்பாவைப் பார்த்தாள். "இழு. தாங்கும்" என்றார் தங்கராஜு. இந்தத் தடவை அது பொய்யில்லை.

முதல் இழுவையில் ஜெயபாலன் மூக்கால் ஆற்றை உழுதார். அடுத்ததில் கயிற்றை விட்டார். குணாளன் தண்ணீரில் அவர் பக்கத்திலேயே மிதந்துகொண்டு பொறுமையாகச் சொன்னான். "சார், நீங்க எழுந்திரிக்க முயற்சி பண்ணாதீங்க. முட்டிய மடக்கி, கொழந்த மாதிரி குந்தியிருங்க. படகு தானா எழுப்பிவிடும்."

"என்னையா? எழுப்புமா?"

"எழுப்பும் சார். நான் பூட்டினது."

தேன்மொழி சீராக முடுக்கினாள். கயிறு விறைத்தது. தங்கராஜு கண்ணைத் தூணின் காலடியிலேயே வைத்திருந்தார். ஒரு சத்தமில்லை, ஒரு கீறலில்லை. அந்த மலை தண்ணீரிலிருந்து மெல்ல மெல்ல எழுந்து நின்றது. "யம்மாடி!" என்று ஜெயபாலன் போட்ட சத்தத்தில் கண்டல் மரத்துக் கொக்குகள் பறந்தன. வளைவு வரைக்கும் ஓடிவிட்டுத்தான் விழுந்தார்.

படகு அவரை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போதே, மூச்சு வாங்கிக்கொண்டு, "சனி ஞாயிறு ரெண்டு நாளும் வந்துருங்க" என்றார். "அய்யா, படகு உங்களோடது. இழுக்குறதுக்குப் பொறுப்பு யாருன்னு ஆபீஸ்ல பேரு கேப்பாங்க. உங்க பேரையே குடுத்துரவா?"

தங்கராஜு திரும்பிப் பார்த்தார். குணாளன் படகை நோக்கி நீந்தி வந்துகொண்டிருந்தான். மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அவர்கள் குடும்பத்தில் எவருக்கும் கிடையாது. கல்யாணப் பத்திரிகை அடித்தபோதுகூட அவர் அந்தப் பெயரை விரலால்தான் தொட்டுக் காட்டினார்.

"குணாளன்" என்றார்.

"என்னாங்கய்யா? எஞ்சின் சத்தத்துல கேக்கல."

தங்கராஜு எழுந்து நின்றார். வளைந்த தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். பட்டறையில், கப்பலின் அடிவயிற்றிலிருந்து மேல்தளத்துக்குக் கத்துவாரே, அந்தக் குரலை எடுத்தார்.

"குணாளன்! என் மாப்பிள்ள குணாளன்!"

அக்கரையில் சேற்றில் குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தண்ணீரில் வந்துகொண்டிருந்தவன் நீந்துவதை மறந்து நின்றான்.